பொட்டு வைத்த மீன்தொட்டி

என் அத்தான் செல்லக்கண்ணுவுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. பஃப்லோ ரோட்டில் படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கும் கடை அவருடையது. முருகன் படம் கொண்டு வருகிறவர் நாளைக்கே வேண்டும் என்பார், சரி. கல்யாணப் படம் கொண்டு வருகிறவர் இன்றைக்கே வேண்டும் என்பார், அதற்கும் சரி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது, ஏதோ தேடப் போகிறவர் மாதிரி கடையின் பின்பக்கம் நழுவிவிடுவார். அப்போது மாடியிலிருந்து இறங்கி வந்து பதில் சொல்வது என் அக்கா சிவகாமசுந்தரி. அவளுக்கு 'முடியாது' நன்றாகவே வரும். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவளே சொல்லிவந்தாள்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. 1959-இல் நான் அந்தக் கடையின் மாடிக்குக் குடிவந்தேன். குடிவந்தேன் என்பது மரியாதைக்கு. ஓடிவந்தேன் என்பதே நிஜம். சாங்கியில் விமானப்படைக் கிடங்கில் வேலை பார்த்த சுந்தரத்துக்கு என்னைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மனிதருக்குக் கை சும்மா இருக்காது. சோறு குழைந்தால் அடி, குழையாவிட்டால் அடி. ஒரு நாள் உதடு கிழிந்ததும் போதும் என்று பஸ் ஏறிவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள், பாயை எடுத்துக் கூடத்தில் விரித்தாள்.

ஆனால் அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்த துரைசாமி சித்தப்பா விடுகிற மாதிரி இல்லை. அப்பா இல்லாத பெண்களுக்குத் தான்தான் அப்பா என்பது அவர் நினைப்பு. அடிக்கடி வந்து உட்கார்ந்து, கோப்பியை உறிஞ்சிவிட்டு, "பொண்ணு புருசன் வீட்டுல இருந்தாத்தான் மரியாதை, மாப்பிள்ளை," என்பார். அத்தான், "பாக்கலாம் மாமா," என்பார். அத்தானிடம் 'பார்க்கலாம்' என்பது 'சரி'க்கு முந்தின படி. என்றைக்காவது அந்தச் 'சரி' வாயிலிருந்து விழுந்துவிடும், நான் மறுபடியும் சாங்கி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன் என்ற பயத்தோடுதான் அந்த மாடியில் நாளை ஓட்டினேன். நீயே சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொல்லாமல் இருப்பேனா? சித்தப்பா நான் பேசி முடிக்கும்வரை மழை விடுவதற்குக் காத்திருப்பவர் போல இருந்துவிட்டு, அத்தான் பக்கம் திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

மீன்தொட்டி வந்ததும் ஒரு 'சரி'யால்தான். லாசரஸ் என்று ஒருவர், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை, ஓஃபிர் ரோடு மாதா கோயிலுக்குப் போகிறவர். திரு இருதயப் படத்துக்குச் சட்டம் போட வந்த இடத்தில், மூலையில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார்.

"இவ்வளவு கண்ணாடி சும்மா கிடக்குதே, அண்ணே. ஒரு தொட்டி கட்டுங்க லா. மீனு நான் கொண்டாறேன்."

அத்தான் சரி என்றார். இரும்புச் சட்டம் செய்து, கண்ணாடி பொருத்தி, இடுக்கெல்லாம் பட்டி வைத்து அடைத்தார். கொஞ்ச நாள் ஒழுகிப் பார்த்துவிட்டு ஒழுகுவதை நிறுத்திக்கொண்ட அந்தத் தொட்டி, கூடத்தில் என் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

லாசரஸ் நல்ல மனுஷர். ஊரில் எல்லாரும் வளர்க்கிற சாதுவான தங்கமீனைக் கொண்டு வந்திருக்கலாம். அவர் கொண்டு வந்தது ஜூவல் ஃபிஷ். ஆப்பிரிக்கா மீனாம். விரல் நீளம்தான், உடம்பெல்லாம் நீலப் புள்ளிகள், மூக்குத்திக் கல் மாதிரி மின்னும். முட்டையிடும் காலம் வந்தால் ஆணும் பெண்ணும் செக்கச்செவேலென்று சிவந்துவிடும். அழகைக் குறை சொல்ல முடியாது. குணம்தான் சகிக்காது. கூட விட்ட மீனையெல்லாம் கடித்து விரட்டியது. தண்ணீர் மாற்றப் போன அத்தான் கையையும் விடவில்லை. அக்கா அதற்குச் 'சண்டியர்' என்று பேர் வைத்தாள்.

அத்தானுக்கு அதன்மேல் அப்படியொரு பிரியம். யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷர், எல்லாரிடமும் வம்புக்குப் போகும் மீனை வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெள்ளிக்கிழமை எங்களுக்கு மரக்கறிச் சாப்பாடு. சண்டியருக்கு மட்டும் இறால் நறுக்கி விழும். தகர டப்பாவில் அவர் பிடித்து வைத்த கொசுப்புழுவெல்லாம் கொசுவாகிப் பறந்து, சுகாதார இன்ஸ்பெக்டர் மாடியேறி வந்த கதையும் உண்டு. அன்றைக்கு இன்ஸ்பெக்டரிடம் பேசியதும் அக்காதான்.

சண்டியருக்கு ஒரு ஜோடி சேர்த்து, குஞ்சு பொரிப்பதைப் பார்த்துவிட வேண்டும். அத்தானுக்கு இது பித்தாகவே பிடித்துவிட்டது. ரோச்சோர் பக்கம் மீன்கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கேயிடம் ஒரு பெண்மீன் வாங்கி வந்து நேராகத் தொட்டியில் விட்டார். தன் இடத்துக்குள் இன்னொருத்தர் நுழைந்தால் சண்டியர் சும்மா இருப்பானா? நான் ஜவுளிக்கடை வேலை முடிந்து வருவதற்குள் அவள் மூலையில் மிதந்துகொண்டிருந்தாள்.

அடுத்த தடவை அத்தான் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதாக நினைத்துக்கொண்டார். சண்டியரை வேறொரு தொட்டிக்கு மாற்றிவிட்டு, தவுக்கே 'நல்ல ஜோடி' என்று கொடுத்த இரண்டு மீன்களைப் பெரிய தொட்டியில் விட்டார். சண்டையே இல்லை. ஒட்டிக்கொண்டே திரிந்தன. உடைந்த பொங்கல் பானைத் துண்டின்மேல் வரிசை வரிசையாக முட்டையிட்டன. அத்தான் அன்றைக்குக் கடையில் கேட்டவருக்கெல்லாம் சரி சொன்னார். முட்டைகள் வெளுத்து, பூஞ்சை பிடித்து, பாழாய்ப் போயின. மறுபடி இட்டன; மறுபடி வெளுத்தன. கண்பட்டிருக்கும் என்று அக்கா உப்பும் மிளகாயும் எடுத்துத் தொட்டிக்குச் சுற்றிப் போட்டாள். அதற்கும் வெளுத்தன.

லாசரஸ் வந்து குனிந்து, அடிவயிற்றைப் பார்த்து, நிமிர்ந்தார். "ரெண்டும் பொம்பள, அண்ணே."

"அதான் சண்டையில்லாம இருந்திருக்கு," என்றாள் அக்கா.

அந்த இரண்டில் தைரியசாலியான ஒருத்தியைச் சண்டியருக்கு என்று நிறுத்திக்கொண்டு, மற்றவளைத் தவுக்கேயிடமே திருப்பிக் கொடுத்தார். இந்தத் தடவை லாசரஸ் சொன்னபடி தொட்டிக்கு நடுவே ஒரு கண்ணாடியை இறக்கி, இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். பார்த்துப் பழகட்டும் என்று. அவன் அவளைப் பார்த்து நாள் முழுக்கக் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தான். முட்டல் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்ததும் அத்தான் கண்ணாடியை உருவினார். உருவியதுதான் தாமதம், அவள் வால் கிழிந்தது. நான் வீல் என்று கத்திவிட்டேன். அத்தான் திரும்பக் கண்ணாடியை இறக்குவதற்குள் செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது.

அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "இங்க பாருங்க. இந்த வீட்டுல ஒருத்தி அடிபட்டு வந்து படுத்திருக்கா. அவ பாய்க்குப் பக்கத்துலயே இதை நடத்துறீங்க. இன்னொரு தடவை இது அடிபட்டுச்சு, தொட்டியத் தூக்கி மாடியில இருந்து ரோட்டுல ஊத்திடுவேன்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அங்கே படுத்திருக்கிறேன் என்பதே அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். ஈரக் கையோடு கடைக்கு இறங்கிப் போனார். அதன்பிறகு கொஞ்ச நாள் அந்தக் கண்ணாடியை அவர் தொடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, கண்ணாடி அறுக்கும் வைரமுனை, சுத்தியல், ரம்பம், சைக்கிள், அக்காவின் தையல் மெஷின் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் அத்தான் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்தார். வைத்துக்கொண்டே மாடிக்கு வந்து, தொட்டியின் முன்கண்ணாடியிலும் வட்டமாக ஒன்று அப்பினார்.

"மீன்தொட்டி என்ன ஆயுதமா, அத்தான்?" என்றேன்.

"அது பாவம், அதுக்கும் இருக்கட்டும்," என்றார்.

பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்த அக்காதான் முதலில் பார்த்தாள். சண்டியர் பெண்ணை விட்டுவிட்டான். முன்கண்ணாடிக்கு வந்து, செவுளை விரித்து, குங்குமப் பொட்டைப் பார்த்து முட்டு முட்டென்று முட்டினான். அவன் கண்ணுக்கு அது சிவந்து நிற்கும் இன்னொரு ஆண்மீன். பின்வாங்காத எதிரி, அடித்தாலும் திருப்பி அடிக்காத எதிரி. மறுநாளும் முட்டினான். அதற்கு மறுநாள் நடுக்கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளும் வந்து அதே பொட்டைப் பார்த்து விறைத்துக்கொண்டு நின்றாள். அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலேயே தலையசைத்தாள். கண்ணாடியை உருவினார். சண்டியர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டும் தோளோடு தோள் நின்று பொட்டோடு சண்டை போட்டன. அந்த வாரமே பானைத் துண்டில் முட்டை. இந்தத் தடவை வெளுக்கவில்லை. குண்டூசித் தலையளவு குஞ்சுகள் மேகமாகக் கிளம்பி, ஆத்தாளும் அப்பனும் இரண்டு பக்கமும் காவல் நிற்க, தொட்டியைச் சுற்றி வந்தன.

பஃப்லோ ரோடே மாடியேறி வந்து பார்த்துவிட்டுப் போனது. லாசரஸுக்கும் இதே மாதிரி செய்துபார்க்க ஆசை. ஆனால் அவர் மனைவி பிரிஜட், வீட்டு ஜெப மேடைக்கு எதிரே குங்குமம் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனுஷர் யோசித்து, ஆரஞ்சுக் கிரஷ் பாட்டிலின் சிவப்பு மூடியைக் கோந்து போட்டு ஒட்டினார். அதுவும் வேலை செய்ததாம். மதம் எதுவானால் என்ன, சிவப்பாக இருந்தால் போதும் என்று சண்டியர் இனத்தின் கொள்கை.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு முழுசாக வரவில்லை. ஒருத்தி அடி வாங்காமல் இருப்பதற்கு இன்னொன்று அடி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா என்று எரிச்சல்தான் வந்தது. பொட்டுக்கு வலிக்காது என்பது வேறு விஷயம்.

துரைசாமி சித்தப்பாவும் வந்து பார்த்தார். அவருக்கு மீனில் அக்கறையில்லை. பேச்சுக்குப் பிடி கிடைத்தது. "பாத்தீங்களா மாப்பிள்ளை. மீனே திருந்திடுச்சு, மனுசன் திருந்த மாட்டானா? சுந்தரம் இப்ப முந்தி மாதிரி இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டிக்கிட்டு வர்றேன். பேசி, நம்ம பொண்ணு தங்கத்தை அனுப்பி வையுங்க."

அத்தான் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே, "சரி மாமா," என்றார்.

வருவதற்குத்தான் சரி சொன்னாரா, அனுப்புவதற்கும் சேர்த்தா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அக்கா அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை. பாத்திரங்கள்தான் பேசின. நான் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கும்போதெல்லாம் சாங்கிக்குப் போகிற வழியில் ஒவ்வொரு பஸ் நிறுத்தமாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. குங்குமம் வைத்து நாளாகிவிட்டதால் காய்ந்து, பொடிப்பொடியாக உதிர்ந்து, கண்ணாடியில் லேசான கறைதான் மிஞ்சியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது தொட்டியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. சண்டியர் அவளை மூலையில் மடக்கி அடித்துக்கொண்டிருந்தான். அதே அடி, முதல் நாள் அடித்த அதே அடி. குஞ்சுகள் திக்குக்கு ஒன்றாகச் சிதறியிருந்தன.

"அத்தான்," என்று நான் போட்ட சத்தத்தில் அவர் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். கையை விட்டு அவளை அள்ளி ஒரு வாளியில் போட்டார். சண்டியர் அவர் விரலைக் கடித்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா வந்து நின்றாள். தொட்டியை ரோட்டில் ஊற்றுவாள் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கடிபட்ட விரலுக்கு ஒரு துணியை நீட்டினாள்.

"அவன் கோபம் எங்கயும் போகல, தங்கம்," என்றார் அத்தான். "வேற பக்கம் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. அவ்வளவுதான்."

மறுபடி ஒரு பொட்டு வைத்தால் முடிகிற காரியம். அவர் வைக்கவில்லை. கடைக்குப் போய் அந்த நடுக்கண்ணாடியை மேசைமேல் படுக்கவைத்து, வைரமுனையால் கீழ்மூலையை முக்கோணமாக அறுத்து எடுத்தார். ஓரத்தைக் கல்லில் தேய்த்து மழுக்கி, தொட்டிக்கு நடுவே திரும்ப இறக்கினார். அவள் உடம்பு சின்னது, அந்த மூலை வழியாக நுழைந்துவிடலாம். சண்டியரின் தலையே அதில் போகாது. அவளையும், பிடிக்க முடிந்த குஞ்சுகளையும் அந்தப் பக்கம் விட்டார். சாயங்காலம் அவளே அந்த மூலை வழியாக அவன் பக்கம் எட்டிப் பார்த்தாள். அவன் பாய்ந்து வந்தான். அவள் ஒரு வாலசைப்பில் தன் பக்கம் வந்துவிட்டாள். அவன் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றான். எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகச் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா, சுந்தரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஆப்பிள் பை. சுந்தரம் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கை தானாக உதட்டுக்குப் போனது. அக்கா கோப்பி போடவில்லை.

சித்தப்பாவே பேசினார். "ஒரு வருசமா இவன் யார் மேலயும் கை வைக்கல, மாப்பிள்ளை."

"வீட்டுல தனியாத்தானே இருக்காரு," என்றாள் அக்கா.

"அட, கேளும்மா. இப்ப அவன் கோபமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் மேலதான். சாக்கடைத் தண்ணிய இவன் வாசல்ல விடுறான்னு கேஸு நடக்குது. காலையில எந்திரிச்சா அவனோட சண்டை, படுக்கிற வரைக்கும் அவனோட சண்டை. சொந்தக்காரங்ககிட்ட வாயே திறக்கிறதில்ல." சித்தப்பா இதை நற்சான்றிதழ் வாசிப்பது போலத்தான் சொன்னார். சுந்தரமும் ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினார்.

அத்தான் நிமிர்ந்தார். "கேஸு எப்ப முடியும்?"

"முடிஞ்ச மாதிரிதான். அடுத்த மாசம் தீர்ப்பு. அவன் வீட்டையே காலி பண்ணிக்கிட்டுப் போறானாம்."

அத்தான் தொட்டியைப் பார்த்தார். முன்கண்ணாடியில் அந்தக் குங்குமக் கறை இன்னும் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, யாரும் அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"தங்கம், நீ போறியா?"

இதென்ன கேள்வி என்று தோன்றியது. "போகமாட்டேன், அத்தான்," என்றேன்.

"அவ போகமாட்டாளாம், மாமா."

"அவளைக் கேட்டா அப்படித்தான் சொல்லுவா. நீங்க என்ன சொல்றீங்க? சொல்லுங்க."

அத்தானுக்கு வியர்த்துவிட்டது. வாயைத் திறந்தார், மூடினார். உதவிக்கு அக்காவைப் பார்த்தார். அக்கா வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாவி, அந்த ஒரு வார்த்தையை அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று அவளுக்கு.

"முடியாது, மாமா," என்றார் அத்தான்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. சுந்தரம் எழுந்தார். ஆப்பிள் பையை எடுத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று கொஞ்சம் தடுமாறி, எடுத்துக்கொண்டுதான் போனார். சித்தப்பா படியில் நின்று, "மீனைப் பாத்துப் பாத்து மாப்பிள்ளைக்கு மூளை கலங்கிடுச்சு," என்று தெருவுக்கே சொன்னார். அத்தான் வழக்கம்போல எதையோ தேடிக் கடையின் பின்பக்கம் போய்விட்டார். அக்கா முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பதறிப் போய்ப் பார்த்தால், குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா பிறகு வெகு நாள் வரவில்லை. வந்தபோது கோப்பியை மட்டும் குடித்தார்.

அந்த மாதம் அத்தான் கடையில் யாருடைய படத்துக்கும் சட்டம் போடவில்லை. மேலே கூடத்தின் ஒரு மூலையை மரச்சட்டமும் சொரசொரப்புக் கண்ணாடியும் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் வரும், உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். அதற்கு ஒரு கதவு. பாய் போய்க் கட்டில் வந்தது. கீழே படம் கேட்டு வந்தவர்களிடம் அக்கா பேசிக்கொண்டாள்.

கடைசி நாள் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு கதவின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உள்பக்கத்தில் வைத்துத் திருகாணியை முடுக்கினார். "போட்டுப் பாரு," என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

நான் உள்ளே இருந்து தாழ்ப்பாளைப் போட்டேன். திறந்தேன். திரும்பவும் போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தான் ஒரு நிழலாகத் தெரிந்தார், கையில் சுத்தியலோடு.

"சரியா இருக்கா, தங்கம்?"

"சரி, அத்தான்," என்றேன்.